பெயர் தேடும் பெட்டி

தெருவில் கண்ணில் படும் பொருளை வைத்தே இடத்துக்குப் பெயர் சொல்வது மதுரையின் பழக்கம். கல் சிங்கம் நின்ற இடம் சிம்மக்கல், கல் யானை நின்ற இடம் யானைக்கல். கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்கு விளக்குத்தூண் ஆனது. அந்த வெள்ளைக்காரர் பெயரைச் சொன்னால் இன்று யாருக்கும் தெரியாது, விளக்குத்தூண் என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைத்துக் கட்டும் நீளக் கயிறு. அதிலிருந்து மாட்டுச் சந்தைக்கும் அந்தப் பெயர் வந்தது. சந்தை போய்ப் பேருந்து நிலையம் வந்து, அதற்கு எம்.ஜி.ஆர். பெயரும் சூட்டியாயிற்று. கண்டக்டர் இன்னமும் "மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி" என்றுதான் கூவுகிறார்.

இப்படிப் பெயரிடும் ஊரில் ஒரு புதிய பலகையை நட்டால் அதை என்னவென்று கூப்பிடுவார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பச்சை நிறப் பலகை, நடுவே வெள்ளை இதயம், அதற்குள் மின்னல் கீற்று, மேல் மூலையில் ஒரு கூட்டல் குறி. அருகில் எங்கோ ஒரு பெட்டி இருக்கிறது, நின்றுபோன நெஞ்சுக்கு அதைக் கொண்டு மின்சாரம் கொடுத்து உயிரைத் திருப்பலாம் என்பது அதன் பொருள். உலக அளவில் உயிர்மீட்புச் சிகிச்சை வழிகாட்டுதல்களை ஒருங்கிணைக்கும் மருத்துவக் கூட்டமைப்பு 2008-ல் இந்தச் சின்னத்தை முன்வைத்தது. ஐ.எஸ்.ஓ. 7010 தரநிலையில் அதன் எண் ஈ010. நம் நாட்டின் பெரிய விமான நிலையங்களில் இதைப் பார்க்கலாம். வீதிமுனைக்கு இது வரும் நாள் தள்ளிப்போகக் கூடாது. வரும்போது பலகையில் என்ன எழுதுவது என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

முதலில் அதன் பிறந்த வீட்டுப் பெயரைப் பார்ப்போம். லத்தீனில் ஃபைப்ரா என்றால் நார், இழை. ஃபைப்ரில்லா என்றால் சிற்றிழை. நெஞ்சின் தசை இழைகள் ஒத்துச் சுருங்காமல் ஆளுக்கொரு பக்கமாகத் துடிக்கும் நிலையை விவரிக்க, பிரெஞ்சு மருத்துவர் வுல்பியன் 1874-ல் இந்தச் சொல்லைக் கையாண்டார். அதுவே ஃபிப்ரிலேஷன் என்று நிலைத்தது. ஜெனீவாவில் பிரெவோவும் பத்தெல்லியும் 1899-ல் நாய்களை வைத்துச் செய்த சோதனையில் வியப்பான ஒன்று தெரிந்தது. மெல்லிய மின்சாரம் நெஞ்சை அந்தச் சிதறலுக்குள் தள்ளியது, வலுவான மின்சாரம் அதே சிதறலை அடக்கியது. மனிதருக்கு அது பயன்பட மேலும் 48 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1947-ல் அறுவை மேசையில் நெஞ்சு நின்ற 14 வயதுச் சிறுவனுக்கு, திறந்த மார்புக்குள் நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பிழைக்க வைத்தார் கிளாட் பெக். மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே கொடுக்கலாம் என்று 1956-ல் பால் சோல் காட்டினார். பெல்ஃபாஸ்ட் மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் 1965-ல் கார் பேட்டரிகளில் ஓடும் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றினார். அதன் எடை சுமார் 70 கிலோ. இன்றைய கருவியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

எதிர்ப்பொருள் தரும் 'டீ' முன்னால் ஒட்டி டீஃபிப்ரிலேட்டர் ஆயிற்று. தானே நெஞ்சின் ஓட்டத்தைப் படித்து, மின்சாரம் தேவையா இல்லையா என்று தானே முடிவெடுக்கும் வகை வந்தபோது அதன் நீண்ட பெயரைச் சுருக்கி ஏ.இ.டி. என்றார்கள். சிற்றிழைச் சிதறலை நீக்குவது, தானே இயங்குவது, உடலுக்கு வெளியிலிருந்து செயல்படுவது. பெயரில் இருப்பது இவ்வளவுதான். இதில் இதயமும் இல்லை, உயிரும் இல்லை. மருத்துவர்களுக்காக மருத்துவர்கள் வைத்த பெயர் அது. அதை வழிப்போக்கரிடம் கொடுக்கும்போது ஆங்கிலம் பேசும் நாடுகளே தடுமாறின. பிரிட்டனில் புதிய பலகை வரைந்தபோது பழைய பெயரோடு, இதயத்தைத் திரும்ப இயக்குவது என்ற பொருளில் எளிய சொல்லையும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று.

நம்மிடம் சிக்கல் வேறு மாதிரி. நோய்க்கே பெயர் சரியாக இல்லாதபோது மருந்துக்குப் பெயர் எப்படி வரும்?

மாரடைப்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மார், அடைப்பு. சொல் அளவில் இது மிக நல்ல சொல். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவதுதான் அந்த நோய். தாக்குதல் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் ஆங்கிலப் பெயரைவிட நம் சொல் உண்மைக்கு நெருக்கமானது. பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் "மூணு அடைப்பு இருக்குதாம்", "ஒண்ணு எழுவது பர்சன்ட் அடைச்சிருச்சாம்" என்று பேசிக்கொள்வதில் உடற்கூறு துல்லியமாகவே இருக்கிறது. ஆனால் சொல் நன்றாக அமைந்துவிட்டதால் எல்லாவற்றையும் அதற்குள் திணித்துவிட்டோம். நடந்துபோன ஆள் சட்டென்று சாய்ந்து, நாடி இல்லாமல் கிடந்தால் அதுவும் மாரடைப்பு. மறுநாள் சுவரொட்டியில் 'மாரடைப்பால் காலமானார்'. இரண்டும் ஒன்றல்ல. மேலூர்ப் பக்கத்து வயலில் பம்புசெட் குழாயில் மண் அடைத்துத் தண்ணீர் வராமல் போவது ஒன்று, மோட்டாரே தாறுமாறாக உதறி இறைப்பை விட்டுவிடுவது இன்னொன்று. முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம், சில வேளை விடுவதும் உண்டு. ஆனாலும் முதல் வகைக்காரர் பேசுவார், வியர்ப்பார், இடது கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுவார். இரண்டாம் வகைக்காரர் பேச மாட்டார். பெட்டி தேவைப்படுவது அவருக்குத்தான்.

இந்த இடைவெளி தமிழ்நாடு முழுக்க வெளிச்சத்துக்கு வந்த நாள் ஒன்று உண்டு. 2016 டிசம்பர் 4 மாலை. முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு கார்டியாக் அரெஸ்ட் ஏற்பட்டதாக அப்போலோ மருத்துவமனை அறிவித்தது. அதைத் தமிழாக்க வேண்டிய கட்டாயம் ஒரே நேரத்தில் எல்லாச் செய்தி அறைகளுக்கும் வந்தது. மாரடைப்பு என்று பலர் சொன்னார்கள். மாரடைப்பு வேறு, இது வேறு என்று மருத்துவர்களை அழைத்து விளக்கம் கேட்டார்கள். இதய முடக்கம், இதயச் செயலிழப்பு, இதயத் துடிப்பு நிறுத்தம் என்று சொற்கள் வந்தன. இவற்றில் இதயச் செயலிழப்பு இன்னும் குழப்பம் கூட்டுவது. இதயம் பலவீனமாகி ஆண்டுக்கணக்கில் கால் வீங்கி, மூச்சு வாங்கி வாழும் நோய்க்கும் அதே பெயர் இருக்கிறது. அரெஸ்ட் என்றதும் நம் காது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறது. அதன் லத்தீன் வேர் நிற்பது, தங்குவது என்ற பொருளுடையது, கைது பிறகு வந்தது. ஆக 'நிற்பது' தான் சரியான வினை. மக்கள் பேச்சில் அது முன்பே இருக்கிறது. "ஹார்ட்டு நின்னுபோச்சு" என்றுதான் சொல்கிறார்கள். இதய நிறுத்தம் என்று எழுதுவோர் இந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் வருகிறார்கள். நான் அவர்கள் பக்கம்.

பெயர் தவறினால் கை தவறும். இதைச் சொல்லாராய்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. நெஞ்சு நின்று விழுந்த ஆளுக்கு முதல் சில நொடிகளில் கைகால் வெட்டி இழுப்பதுண்டு. மூளைக்கு ரத்தம் போகாததால் வரும் இழுப்பு அது. பார்ப்பவர் வாயில் என்ன சொல் வரும்? காக்கா வலிப்பு. அந்தச் சொல்லுக்கும் காக்கைக்கும் உறவில்லை. கால்-கை வலிப்பு என்பது பேச்சில் தேய்ந்து காக்கா வலிப்பு ஆயிற்று என்று சொல்வதுண்டு. அந்தப் பெயர் வந்ததும் அதற்குரிய பழக்கமும் கூடவே வந்துவிடும். சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணிப்பார்கள், இரும்பு கொடுத்தால் நிற்கும் என்பார்கள். உண்மையான வலிப்புக்கே அது பயன்படாது. இங்கே நெஞ்சை அழுத்த வேண்டிய நிமிடம் அதில் போகிறது. பிறகு வாய் பிளந்து இடைவெளி விட்டு விட்டு மூச்சை இழுக்கும். "மூச்சு இருக்குப்பா, இழுக்குது பாரு" என்று கூட்டம் ஆறுதல் கொள்ளும். அது மூச்சு இல்லை. நின்ற நெஞ்சின் கடைசித் திணறல். வலி சொல்லிக்கொண்டு வரும் மாரடைப்புக்கோ வேறு பெயர் காத்திருக்கிறது: வாயு. "கேஸாத்தான் இருக்கும், ஒரு சோடா குடிங்கண்ணே." கோலி சோடாவில் போன நேரத்துக்குக் கணக்கு இல்லை.

இதயம் என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. வடமொழி ஹ்ருதயம், பிராகிருத வழியாகவும் நேராகவும் வந்து இதயம், இருதயம் என்று இரண்டு வடிவம் எடுத்தது. திருநின்றவூரில் பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியதாகச் சொல்லும் தலத்தில் இறைவன் பெயர் இருதயாலீஸ்வரர். இதய நோய் உள்ளவர்கள் அங்கே வேண்டிக்கொள்ளப் போகிறார்கள். திருக்குறள் நெஞ்சு என்றே பேசுகிறது, நெஞ்சொடு கிளத்தல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறது. நம் பேச்சிலும் பயமோ வலியோ வந்தால் நெஞ்சுதான். அவசரத்தில் 'இதயம்' என்று கத்தியவரை நான் கேட்டதில்லை. "நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு" என்பார்கள், இல்லை "ஹார்ட்டு" என்பார்கள்.

துடிப்பு என்ற சொல் இன்னும் சிக்கலானது. துடி என்பது சங்க காலத்திலிருந்தே அறியப்பட்ட சிறு பறை. அதை முழக்கியவன் துடியன். பறையின் அடிபோல் ஒழுங்காக விழுவதால் நெஞ்சின் இயக்கமும் துடிப்பு என்று தோன்றும். அதே வினை 'துடிதுடித்துச் செத்தான்' என்பதிலும் நிற்கிறது. ஒழுங்கான அடிக்கும் ஒழுங்கற்ற உதறலுக்கும் ஒரே சொல். ஃபிப்ரிலேஷன் என்பது இரண்டாவது துடிப்பு. டீஃபிப்ரிலேட்டரைத் துடிப்பு நீக்கி என்று எழுதினால் உயிரையே நீக்கிவிடும் கருவியாகக் கேட்கும்.

ஆச்சரியமாக, ஃபிப்ரிலேஷனுக்கு நெருங்கிய சொல் அச்சத்தைச் சொல்லும் பேச்சில் ஒளிந்திருக்கிறது. குலை நடுங்குவது. குலை என்பது ஈரல், நெஞ்சு முதலிய உள்ளுறுப்புகளின் கொத்து. மதுரைப் பக்கம் "ஈரக்குலையே நடுங்கிப் போச்சு" என்பார்கள், நெஞ்சாங்குலை என்று இதயத்தையே சுட்டுவார்கள். நெஞ்சின் தசை நடுங்குவதைச் சொல்ல இதைவிட நேரான சொல் கிடைக்காது. கலைச்சொல் ஆக்குபவர்கள் குறுநடுக்கம் என்று புதிதாகச் செய்வதற்கு முன் இந்தச் சொல்லைத் திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் பலகையில் குலைநடுக்கம் என்று எழுதினால் பேய்ப் படத்தின் சுவரொட்டி என்று நினைப்பார்கள். அகராதியில் நிற்கட்டும், தெருவில் வேண்டாம்.

தெருவில் நிற்கும் பலகை சொல்லால் மட்டும் பேசுவதில்லை. மின்னல் கீற்று என்ன சொல்கிறது? நம் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான். டிரான்ஸ்பார்மர் வேலியில், மின்கம்பத்தில், மண்டையோட்டோடு சேர்ந்து சிவப்பில் இருக்கும் கீற்று அது. கீழே 'அபாயம்'. ஈ.பி. போர்டைத் தொடாதே என்று மூன்று தலைமுறையாகப் பிள்ளைகளை அடக்கி வளர்த்திருக்கிறோம். அதே கீற்றைப் பச்சையில் போட்டு, 'ஓடி வந்து எடு' என்று சொல்கிறது உலகச் சின்னம். பச்சை பாதுகாப்பின் நிறம் என்பது தொழிற்சாலைப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தெரியும். அவனியாபுரத்திலிருந்து காய்கறி மூட்டையோடு இறங்கும் அம்மாவுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே சின்னத்துக்கு அடியில் தமிழில் ஒரு வினைச்சொல் வந்தே ஆக வேண்டும்.

பெயர் ஒட்டிக்கொள்வதற்குப் பொருள் புரிவது அவசியமில்லை என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. 1990-களில் மதுரை வீதிகளில் மஞ்சள் பலகை தொங்காத முக்கு இல்லை. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. அந்த எழுத்துகளின் விரிவைக் கேட்டால் பூத் நடத்தியவரே திணறுவார். ஆனால் துபாயில் இருக்கும் மகனோடு பேச எங்கே போக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நிறம் ஒன்று, எழுத்து ஒன்று, எங்கும் ஒன்று. ஏ.டி.எம்., ஈ.சி.ஜி., ஐ.சி.யூ. எல்லாம் அப்படித்தான் தமிழாயின. ஜப்பானில் 2004 ஜூலை முதல் பொதுமக்களும் இந்தக் கருவியைப் பயன்படுத்த அனுமதி வந்தது, அங்கே அதன் பெயர் ஏ.இ.டி. தான். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூரில் குடிமைத் தற்காப்புப் படை 2015-ல் தொடங்கிய திட்டம் இரண்டு குடியிருப்பு புளோக்குகளுக்கு ஒன்று என்ற கணக்கில் மின்தூக்கித் தளங்களில் பெட்டியை வைத்தது. சில டாக்ஸிகளிலும் ஏற்றினார்கள்.

எண்ணே பெயரான கதையும் இருக்கிறது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த 108 சேவை. வண்டியின் மேல் ஆம்புலன்ஸ் என்று எழுதியிருந்தாலும் "நூத்தியெட்டு வந்துருச்சு" என்றுதான் சொல்கிறோம். தொலைபேசி எண் வண்டிக்குப் பெயராகிவிட்டது. இந்த எண் நமக்குப் புதிதல்ல என்பதும் அதற்கு உதவியிருக்கும். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் கூடலழகர், கள்ளழகர், திருமோகூர் என்று மூன்று மதுரையைச் சுற்றியே இருக்கின்றன. பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பவர்கள் நாம். நாக்குக்குப் பழகிய எண் ஆபத்தில் தானாக வரும்.

பெயரை யாருடைய நினைவோடு சேர்ப்பது என்பது இன்னொரு வழி. நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் இறந்தபின், கர்நாடக அரசு அவர் பெயரால் ஹிருதய ஜோதி என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பொது இடங்களில் இந்தக் கருவியை வைப்பதும் அதில் ஒரு பகுதி. ஒருவரின் இழப்பை ஊர் முழுக்க உணர்ந்திருந்தால் அந்தப் பெயர் மனத்தில் நிற்கும். எனினும் விழுந்து கிடப்பவருக்குப் பக்கத்தில் நிற்பவர் எதைக் கேட்டுக் கூவுவார்? ஜோதியைக் கொண்டு வா என்று யாரும் கூவ மாட்டார்கள்.

மதுரையின் பெரியாஸ்பத்திரியே இதற்குச் சாட்சி. கவர்னர் எர்ஸ்கின் பெயரோடு தொடங்கி, பிறகு ராஜாஜி பெயர் ஏற்றது. அந்த ராஜாஜி 1916-லேயே தமிழில் அறிவியல் சொற்கள் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் அமைத்தவர். சொல்லாக்கத்துக்கு உழைத்தவர் பெயரைச் சுமக்கும் கட்டடத்தை ஊர் தன் சொல்லாலேயே கூப்பிடுகிறது என்பது எனக்குக் குறையாகப் படவில்லை. எழுதும் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்று இருக்கட்டும். ஆபத்துக்கான பலகை கூப்பிடும் பெயரைத்தான் தாங்க வேண்டும்.

சரி, என்ன பெயர்? தானியங்கிப் புற இதயக் குறுநடுக்க நீக்கி என்று எழுதிவிடலாம், பிழையில்லை. அதைப் படித்து முடிப்பதற்குள் காலம் போகும். மின்சாரம் கிடைக்காமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது என்பது மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. செயல் செய்வதைக் குறிக்க இகரம் சேர்த்துப் பெயராக்குவது நம் பழைய முறை. அதில் குளிரூட்டி, மின்தூக்கி போன்றவை நம் ஊர்ப் பேச்சில் இறங்கவில்லை. சுமைதாங்கி, இடிதாங்கி, கைகாட்டி இறங்கின. தாங்குவதும் காட்டுவதும் உடம்பு செய்யும் வேலை, ஊட்டுவதும் தூக்குவதும் அப்படித்தான் என்றாலும் முன்னால் நிற்கும் சொல் அங்கே கைகொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். சுமைதாங்கிக் கல் பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக வழியோரம் நட்டது. தலைச்சுமையை இறக்கி வைக்க வழிப்போக்கருக்கு உதவும். ஓர் இறப்பின் துயரத்தைப் பிறருக்கு உதவியாக மாற்றிய அந்தக் கல்லின் பெயர் ஊர்ப்பெயராகவும் பல இடங்களில் நிற்கிறது. கைகாட்டி மரம் சாலைப் பிரிவில் வழி சொன்னது, ரயில்வே சிக்னலுக்கும் அந்தப் பெயர் போனது. அவினாசிப் பக்கம் கைகாட்டிப்புதூர் என்றே ஓர் ஊர். பெட்டி இருக்கும் திசையைச் சொல்லும் பலகைக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், அது கைகாட்டிதான்.

பெட்டிக்கு வருவோம். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வரும் உறவினர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்தால் இரண்டு வினைகள் கிடைக்கும். "ஷாக் குடுத்தாங்க." "நெஞ்சுல கரண்ட் வச்சு எழுப்பிட்டாங்க." முதலாவது கருவியைச் சொல்கிறது, இரண்டாவது பயனைச் சொல்கிறது. எழுப்புவது நல்ல வினை. தூங்குபவரை, விழுந்தவரை, சாமியை, சுவரை எழுப்புகிறோம். நெஞ்செழுப்பி என்று வைத்துப் பார்க்கிறேன், நாக்கில் புரள்கிறது. மருத்துவத் துல்லியத்தில் ஒரு சிறு குறை உண்டு. கருவி நெஞ்சைத் தட்டி எழுப்புவதில்லை, சிதறலை ஒரு கணம் முழுதாக அடக்குகிறது, எழுவது நெஞ்சு தானாகவே. எந்த அசைவும் இல்லாமல் அடங்கிவிட்ட நெஞ்சுக்கு அது மின்சாரம் கொடுக்கவும் கொடுக்காது, அழுத்திக்கொண்டே இரு என்றுதான் சொல்லும். அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். அது பிடிக்காவிட்டால் ஷாக் பெட்டி என்று ஊர் சொல்லட்டும், அதையே பலகையில் எழுதலாம். ஷாக் என்ற சொல்லில் பயம் இருக்கிறது என்பார்கள். பயத்தோடு சேர்ந்து புரிதலும் இருக்கிறதே.

என் கணக்கில் பலகை இப்படி இருக்க வேண்டும். மேலே உலகச் சின்னம், வெளியூரார், வெளிநாட்டார் மீனாட்சி கோயிலுக்கு வருகிறார்கள். அடியில் பெரிதாக ஏ.இ.டி. அதற்கும் கீழே நெஞ்செழுப்பிப் பெட்டி. பிறகு மூன்று சிறு வாக்கியம்: பேச்சில்லை, மூச்சில்லை என்றால் 108-ஐக் கூப்பிடு. நடு மார்பை அழுத்து. பெட்டியை எடுத்து வரச் சொல். அழுத்தத்தின் ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. கைகாட்டியில் தூரத்தை மீட்டரில் போடாமல், 'பூக்கடைக்குப் பக்கத்தில்', 'டிக்கெட் கவுண்ட்டர் இடப்புறம்' என்று மதுரைக்காரர் வழி சொல்லும் விதத்தில் எழுத வேண்டும்.

எங்கே நடுவது என்பதையும் பெயர்களே சொல்கின்றன. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது யானைக்கல்லிலிருந்து தல்லாகுளம் வரை தலைகள்தான் தெரியும். வெயிலிலும் நெரிசலிலும் நூத்தியெட்டு நகர முடியாது. மண்டகப்படிகளில் தண்ணீரும் மோரும் வைப்பவர்கள் பெட்டியையும் வைத்துக்கொள்ளலாம். அலங்காநல்லூர், பாலமேடு வாடிவாசல்களில் மருத்துவக் குழு நிற்கிறது, பார்வையாளர் மேடைப் பக்கமும் ஒன்று வேண்டும். மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பேருந்து நிலையங்கள், ரயில்வே ஜங்ஷன், நான்கு மாசி வீதிகள், ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண மண்டபங்கள்.

இன்னும் ஒரு பேச்சு பாக்கி. இந்தப் பெட்டி வாய் திறந்து பேசும். மூடியைத் திறந்ததும் ஒட்டுப்பட்டைகளை எங்கே ஒட்டுவது, எப்போது விலகி நிற்பது, எப்போது பொத்தானை அழுத்துவது என்று குரலில் சொல்லும். மதுரை வீதியில் வைக்கும் பெட்டி தமிழில் பேச வேண்டும் என்பதை வாங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். அதுவும் "தயவுகூர்ந்து நோயாளியைத் தொடாதீர்" என்று செய்தி வாசிக்கும் தமிழில் வேண்டாம். "யாரும் தொடாதீங்க. தள்ளி நில்லுங்க. இப்ப பட்டனை அமுக்குங்க. மறுபடி நெஞ்சை அமுக்க ஆரம்பிங்க."